‘ஆனால்’ என்ற இடத்தில் கிழிந்த தாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே என் தலை நரைத்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கல்யாணமும் முடிந்தது. இதற்கென்று இரண்டு முறை நோட்டு வாங்கினேன். ஒன்று கோலம் போட்டுப் பார்த்தே தீர்ந்தது. இன்னொன்றில் ‘ஓம் சக்தி’ எழுதி நிரப்பிவிட்டேன். சொல்ல வந்ததன் பக்கம் மட்டும் கை போகவே இல்லை. ஆத்தாள் கோபித்துக்கொள்வாளோ என்று ஒரு பயம். அக்கா என்ன நினைப்பாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

போன வாரம் நம் செல்போன் குழுவில் ஒரு துணுக்கு வந்தது, பார்த்திருப்பீர்கள். திருவொற்றியூரில் அந்த ஒரே லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும். நமக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது என்று தெரிந்தே யாரோ அனுப்பியிருந்தார்கள். ‘மூன்று பின் பிளக் ஓட்டையில் பொருந்தவில்லையா? பெரிய பின்னைக் கழற்றிவிடுங்கள், எங்கேயும் பொருந்தும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே பதினோரு பேர் கை தட்டியிருந்தீர்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாமி விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் என் தலையில்தான் என்று தோன்றியது.

நான் ஏழாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வாசலில் நின்ற கைப்பம்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பம்பு. வாயில் மணல் வராமலிருக்கப் பழைய பாவாடைத் துணி கட்டியிருக்கும். அடித்தால் கழுதை மாதிரி கத்தும். தண்ணீரில் உப்பும் துரு வாசனையும் சேர்ந்து வரும். உப்பு பூமிக்குள்ளிருந்த இரும்புக் குழாயை அரித்துத் தின்றுவிட்டது என்று அந்த வருஷக் கோடையில்தான் கீழே பிளாஸ்டிக் குழாய் இறக்கினார்கள். மேலே தலை மட்டும் பழைய இரும்பு. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அந்த ஆடியில் அக்காவுக்கு அம்மை போட்டது. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. எங்கள் வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை, வீட்டுக்குள்ளேயும் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் விட்டார்கள். அப்பா ஹார்பரில் மூட்டை இறக்கப் போய்விடுவார். அம்மா அக்காவின் பாயை விட்டு நகரமாட்டாள். அக்கா படுத்திருந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத்தான் அவளிடம் பேசுவேன்.

“இன்னாடி ரிப்பேரு, இன்னிக்கு எத்த பிரிச்ச?” என்பாள். எனக்கு அவள் வைத்த பெயர் ரிப்பேர்.

பிரிப்பதுதான் என் வேலை. என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உடைந்த டார்ச், பெரியப்பா போட்டுவிட்ட டெஸ்டர், செம்புக் கம்பிச் சுருள், சிகரெட் அட்டையின் வெள்ளித் தாள் எல்லாம் அதில் கிடக்கும். மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெயும் துருவும் கலந்த வாசனை வரும். இப்போது யாராவது அந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தால் கண்ணில் ஒத்திக்கொள்வேன். தீர்ந்த பேட்டரியை மொட்டை வெயிலில் வைத்தால் இன்னும் இரண்டு நாள் எரியும். டார்ச்சின் பித்தளைத் தகட்டை ரப்பரால் தேய்த்தால் வெளிச்சம் கூடும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கடலை மடித்து வந்த தாள்களில் படித்ததுதான். கோயில் பக்கத்துக் கடலைக்காரருக்கு எங்கிருந்தோ ஒரு கட்டுப் பழைய பத்திரிகை கிடைத்திருந்தது. ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்று ஒரு பக்கம் அதில் வரும். கடலையை லைன் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாளை நான் வைத்துக்கொள்வேன்.

பெரியப்பா வீட்டில் ஒரு பழைய ரேடியோ. உள்ளே கண்ணாடி பல்ப் எரிகிற ரகம், மரப்பெட்டி, சூடேறினால் வார்னிஷ் வாசனை அடிக்கும். அதை வாசல் பக்க ஜன்னலில் வைத்திருந்தார். பம்பு அங்கிருந்து நாலே எட்டு. அந்த ரேடியோ பாட்டைவிட இரைச்சலைத்தான் அதிகம் பாடும்.

“பாட்டு கேக்குதாக்கா?” என்று ஒருநாள் ஜன்னலில் கேட்டேன்.

“இன்னா பாட்டு? காதுல மணல கொட்ற மாரி கீது. ஒடம்பெல்லாம் எரியுதுடி. ஒரு பாட்டு நல்லா கேட்டா தூங்கிடுவேன்.”

அதுதான் ஆரம்பம்.

இரண்டு நாள் கழித்துக் கடலைத் தாளில் அது வந்தது. ‘உங்கள் வானொலியில் இரைச்சலா? ஒரு செம்புக் கம்பியைப் பெட்டியின் அடித்தகட்டில் இணைத்து, மறுமுனையைத் தண்ணீர்ப் பம்பின் இரும்பில் இறுகக் கட்டுங்கள். இரைச்சல் குறையும். ஆனால்’

அவ்வளவுதான். ‘ஆனால்’ என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

நான் அப்படியே விட்டுவிடவில்லை. அதை மட்டும் நம்புங்கள். தாளை எடுத்துக்கொண்டு கடலைக்காரரிடம் ஓடினேன்.

“நைனா, இதோட மீதி வேணும்.”

“இன்னா பாப்பா, கடல வேணாவா? காயிதம்தான் வேணுமா?”

“ஆனால்னு நிக்குது நைனா.”

“மீதில மட்ச்ச கடலய ஒருத்தன் துண்ணுகினே கடலாண்ட போய்ட்டான். ஆனா இன்னா போட்டுருப்பான்? உப்பு கம்மின்னு போட்டுருப்பான். போ போ, யாவார நேரத்துல பேஜாரு பண்ணாத.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெரிய ஆபத்தாக இருந்தால் முதலிலேயே போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பெரியப்பா விம்கோ நகர் பக்கம் ஷிப்டுக்குப் போன பிறகு ரேடியோவின் பின்மூடியைத் திறந்து, அடித்தகட்டின் திருகாணியில் கம்பியைச் சுற்றினேன். ஜன்னல் வழியாக இறக்கி, சுவர் ஓரமாக மணலில் புதைத்து, பம்பின் காலில் பாவாடைத் துணிக்குக் கீழே இறுகக் கட்டினேன். பெரியவர்கள் பார்த்தால் திட்டுவார்கள் என்றுதான் மறைத்தேன்.

இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பெரியப்பா, “இன்னிக்கு ஒழுங்கா பாடுதே” என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா தூங்கிவிட்டாள். நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைவிடச் சந்தோஷமான மாலை எனக்கு வாழ்க்கையில் அதிகம் இல்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் பெரியம்மா வீட்டைக் கழுவித் துடைப்பாள். துடைத்து முடித்ததும் ரேடியோவில் அம்மன் பாட்டு வைப்பாள். அன்று காலையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மீன்கார அத்தை கூடை கழுவப் பம்புக்கு வந்தார்கள். நம் லைனில் கடைசி வீட்டில் இருந்தார்களே, அவர்கள்தான். பம்பில் கை வைத்தார்களோ இல்லையோ, கூடை ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம்.

“யம்மாடியோவ்! இன்னாமே இது, கைய புட்ச்சி இஸ்துச்சே!”

பெரியம்மா எட்டிப் பார்த்து, “இன்னாத்துக்கு கத்துற? தேளு கீளு கடிச்சிச்சா?” என்றாள்.

“தேளு இல்லமே. உள்ளங்கைல சுர்ருன்னு ஏறி தோளு வரிக்கும் போச்சி. நீயே வந்து தொட்டுப் பாரு.”

பெரியம்மா ரப்பர் செருப்போடு வந்து ஒரு விரலால் தொட்டாள். வெடுக்கென்று கையை எடுத்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்தக் கையை அப்படியே இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டாள்.

“ஆத்தா! பாட்டு கேட்டதும் வந்துகிறா பாரு. வெள்ளிக்கெழம வேற.”

மாலையில் பெரியப்பா வந்து பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகி ரேடியோ வைத்தார். பிறகு யார் தொட்டாலும் பம்பு சும்மாதான் இருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் எதுவுமில்லை. செவ்வாய்க்கிழமை பாட்டு ஆரம்பித்ததும் மறுபடியும் சுர்ரென்றது. அப்புறம் சந்தேகப்பட யார் இருக்கிறார்கள்? பம்புக்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், சிவப்புத் துணி கட்டி மஞ்சள் கயிற்றால் இறுக்கினார்கள். பாட்டு முடிகிறவரை யாரும் தண்ணீர் அடிக்கக் கூடாது, விரலால் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம் என்று அவர்களாகவே ஒரு முறையும் வகுத்துக்கொண்டார்கள். எப்போதும் பம்பு மேடையில் தேங்கிய தண்ணீரை நக்கிக் குடிக்கிற நாய் எட்ட நின்று குலைத்தது.

“நாயிக்கு கூட தெரியுது பாரு, உள்ள யாரு கீறான்னு” என்றார்கள் மீன்கார அத்தை.

நானும் கும்பிட்டேன். பொய்யாக இல்லை, மெய்யாகவே கும்பிட்டேன். ஆனாலும் என் கம்பி அந்தத் துணிக்குள்தானே இருக்கிறது. எல்லாரும் போன பிறகு, பாட்டு முடிவதற்குள், டெஸ்டரின் முனையைப் பம்பின் கழுத்தில் வைத்தேன். கைப்பிடிக்குள் இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

கரண்ட் இருக்கிறது என்று அந்த விளக்கு சொல்கிறது. ஆத்தாள் வந்தாலும் அது எரியுமோ என்னமோ, யாரைக் கேட்பது? கம்பியைப் பிடுங்கினால் ஆத்தாளை நானே வெளியே துரத்தின மாதிரி ஆகுமோ? அவள் கோபித்துக்கொண்டு அக்காவிடம் திரும்பிவிட்டால்? அம்மைக்கும் அவள் பெயர்தானே. பத்து வயதில் இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ரேடியோவைப் பிரிக்கத் தெரிந்த எனக்கு இதைப் பிரிக்கத் தெரியவில்லை.

புதன்கிழமை அம்மா சொன்னாள்: “வெள்ளிக்கெழம மூணாம் தண்ணி. பம்பாண்டயே ஊத்திடலாம். அவளே வந்து நிக்கும்போது வூட்டுக்குள்ள இன்னாத்துக்கு?” அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று தடவை, நாள் விட்டுத் தலைக்கு ஊற்றுவது நம் வழக்கம். இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவதை, பாட்டு ஓடும்போது, அக்காவைப் பம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்து ஊற்றுவது என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

மற்றவர்கள் ஒரு விரலால், செருப்புக் காலோடு தொட்டார்கள். அக்கா நனைந்த உடம்போடு, இரண்டு கையாலும் பிடிக்கப் போகிறாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெரியப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். இரண்டு நாளாக ரேடியோ பக்கம் போகாதவர், அதன் பிளக்கைக் கையில் எடுத்ததும் கத்தினார்.

“இந்தப் பொட்ட எவ அழிக்கிறது? வாரத்துக்கு ரெண்டு வாட்டி நான் வெச்சிகினே இருக்கணுமா?”

பிளக்கின் ஒரு பக்கத்தில் அவர் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருப்பார். உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது.

“கலீஜா கீதுன்னு தொடைச்சேன். ஒயருக்கு இன்னாத்துக்கு பொட்டு? அதுக்கு இன்னா கல்யாணமா?”

“உனக்கு இன்னா தெரியும்!” என்று முணுமுணுத்துக்கொண்டே விரலில் சுண்ணாம்பு எடுத்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

“பொட்டு எதுக்கு பெரியப்பா?”

“பொட்டு மேல இருக்கற மாரி செருவணும். திருப்பிச் செருவினா பாடும், ஆனா அடித்தகடு கடிக்கும். ரேடியோ கடைக்காரன் அப்பவே சொன்னான்.”

ஆனா. அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். கிழிந்த தாளின் மீதி எனக்குக் கிடைத்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் பெரியம்மா பிளக்கைப் பிடுங்கித் துடைப்பாள். ஒயர் முறுக்கிக் கிடந்ததால் கையில் எடுத்தால் தலைகீழாகத்தான் வரும். அப்படியே செருகிப் பாட்டு வைப்பாள். தகட்டில் வருகிற கரண்ட் என் கம்பியில் ஓடிப் பம்பில் நிற்கும். கீழே இரும்புக் குழாய் இருந்திருந்தாலாவது பூமி கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் குழாயில் அதற்கும் வழியில்லை. இந்தக் கடைசி விஷயம் பின்னாளில் விளங்கியது. மற்றதெல்லாம் அங்கேயே, அந்தச் சுண்ணாம்பு காய்வதற்குள் விளங்கிவிட்டது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இத்தனை வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பம்பில் கம்பி கட்டியது நான் என்று சொன்னால், ஆத்தாள் பெயரில் எல்லாரையும் ஏமாற்றியவள் என்று ஆகிவிடும். பம்பின் துணியைத் தொட யாரையும் விடவில்லை. ரேடியோவைத் திறக்கவும் முடியாது, பெரியப்பா வீட்டில் இருந்தார். காலையில் பிளக்குக்குப் பக்கத்திலேயே நின்று, பொட்டு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும் என்று ஒரு யோசனை செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரியம்மா துடைக்க ஆரம்பித்ததும் நான் ஜன்னல் ஓரம் போய் நின்றேன். அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டாள். “ஏய், மரத்தாண்ட போய் ஒரு கொத்து வேப்பல ஒடிச்சாடி! ஓடு!” மாட்டேன் என்றால் ஏன் என்பாள். ஓடினேன். ரயில் பாதை ஓரத்து மரம்வரை ஓடி, ஒடித்துக்கொண்டு திரும்பும்போது தூரத்திலேயே காதில் விழுந்தது. பாட்டு ஆரம்பித்துவிட்டது.

நான் வந்தபோது மேடையெல்லாம் தண்ணீர். அக்கா மஞ்சள் புடவையில், எலும்பும் தோலுமாக, பம்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். முதல் குடத்தை அப்போதுதான் ஊற்றியிருந்தார்கள். தலையிலிருந்து சொட்டுகிறது.

“கண்ண மூடிகினு ஆத்தாவ கட்டிப் புட்ச்சிக்கோ கண்ணு” என்றார்கள் மீன்கார அத்தை.

அக்கா இரண்டு கையையும் நீட்டினாள்.

வேப்பிலையை எங்கே போட்டேன் என்று தெரியாது. பெரியம்மா வீட்டு ஈரத் தரையில் வழுக்கி, முட்டியில் விழுந்து, எழுந்து சுவிட்சைத் தட்டிவிட்டு, ஒயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் என் கையோடு வந்துவிட்டது. அதில் பொட்டு இல்லை. பாட்டு நடுவில் நின்றது.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிக்கு நான் பயந்ததுபோல் பிறகு எதற்கும் பயந்ததில்லை. தாமதமாகிவிட்டதோ என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தைரியம் இல்லாமல் பிளக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, ஆத்தா ஆத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அக்கா குரல் கேட்டது. “பாட்டு ஏம்மா நின்னுபோச்சி?”

அந்தக் குரலை இன்றைக்கும் காதில் வைத்திருக்கிறேன்.

பெரியம்மா உள்ளே வந்து, என் கையில் பிளக்கைப் பார்த்தாள். விட்டாள் ஒரு அறை. “அம்மா வந்துகினு இருக்கும்போது பாட்ட நிறுத்துறியேடி, பாவி! உங்க அக்காவுக்கு எதுனா ஆச்சின்னா?” அம்மாவும் அடித்தாள். எனக்கு வலிக்கவே இல்லை. அக்கா பம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த இரண்டு குடமும் பாட்டில்லாமலே ஊற்றினார்கள். நான் அடி வாங்கிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் அக்காவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கம்பியை ஜன்னல் ஓரமாக அறுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பம்பு கடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். “உன் பொண்ணுக்கு நல்லாய்டுச்சி இல்ல, அம்மா குளுந்துட்டா” என்றார்கள் மீன்கார அத்தை. என் மேல் இருந்த கோபமும் அதோடு தீர்ந்தது.

பெரியப்பா மட்டும் அன்று மாலை ரேடியோவின் பின்மூடியைத் திறந்தார். திருகாணியில் சுற்றியிருந்த கம்பித் துண்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்காவுக்குக் குணமானதற்கு வேண்டுதல் என்றார்கள். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். பொட்டின் ரகசியத்தைப் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்தவர் அவர்தானே. என்னைப் போலவே அவரும் பயந்திருக்கிறார் என்று, நானே பெரியவளான பிறகுதான் தெரிந்தது.

பம்பு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் வற்றி எத்தனையோ வருஷம் ஆகிறது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி வாங்கி வந்து கிரில் போட்டு, டைல்ஸ் ஒட்டி, சின்னக் கோயிலே ஆக்கிவிட்டோம். நானும் போகிறேன். விளக்கு வைக்கிறேன். ஆடியில் கூழ் ஊற்றுகிறேன். அக்கா ஒரு வெள்ளிக்கிழமை தவறமாட்டாள். தன் உயிர் அந்தப் பம்பில் கிடைத்தது என்று சொல்லுவாள். இந்தக் குழுவில் வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்த விளக்கைப் படம் எடுத்துப் போடுகிறவள் அவள்தான்.

அக்கா, பாட்டை ஏன்டி நிறுத்தின என்று நீ அன்றைக்கு என்னைக் கேட்டாய். எனக்குப் பயமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, பாதிதான். மீதியை இன்றைக்குத்தான் சொல்கிறேன். உன் கை அந்த ஒரு முழத்தைக் கடந்திருந்தால் நான் இந்தக் கையால் எதையும் தொட்டிருக்கமாட்டேன். நீ இதைப் படித்துவிட்டு விளக்கு வைப்பதை நிறுத்திவிடாதே. பம்பில் ஓடியது கரண்ட். கீழே விழுந்த என்னைத் தூக்கி ஓடவைத்தது அவள்தான். அதை என்னால் எந்த டெஸ்டரிலும் காட்ட முடியாது. நான் நம்புகிறேன்.

மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னைக் கழற்றாதீர்கள். சாமானின் தகட்டுக்குக் கரண்ட் வந்தால் நம் உடம்பில் ஏறாமல் பூமிக்கு இறங்குகிற வழி அது ஒன்றுதான். கழற்றியவர்கள் இன்றைக்கே பிளக்கை மாற்றுங்கள். பிரிக்கிற ஆசை உள்ளவர்கள் பிரியுங்கள், நானும் இன்னும் பிரிக்கிறேன், ஆனால் முதலில் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு.

இதை உங்களுக்குத் தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அனுப்புங்கள். நீளமாக இருக்கிறது என்று சுருக்காதீர்கள், பிழையைக்கூடத் திருத்த வேண்டாம். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அப்படியே அனுப்புங்கள். யாரோ ஒரு வீட்டில், ஒரு பிள்ளை, மீதி எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கும்.